மேலே கொட்டிய தணல்

ஓவனின் மேல்கம்பி சிவந்ததும் வான்கோழித் தொடைகளின் கொழுப்பு சடசடவென்று பொரிந்தது. இப்படி மேலே நெருப்பு வைத்து அம்மா ஒரே ஒருமுறைதான் சமைத்தாள்.

எழுபதுகளில் ஆரம்பாக்கத்தில் நாங்கள் கூலிக்கு நடவு நட்டவர்கள். எங்கள் சேரியில் யார் வான்கோழி அறுத்தாலும் இரண்டு தொடையும் நிலத்துக்காரரான ஆண்டையின் வீட்டுக்குப் பச்சையாகப் போக வேண்டும். பச்சைக்கறிக்குத் தீட்டில்லையாம்.

அப்பாவுக்குக் கும்மிடிப்பூண்டியில் கம்பெனி வேலை கிடைத்த வருடம், கிறிஸ்துமஸ் அன்று, அம்மா அறுத்த கையோடு தொடைகளில் மிளகாய் தடவிச் சட்டியில் போட்டாள். சீக்கிரம் வேகட்டும் என்று தகரத்தால் மூடி, அதன் மேலும் தணலை அள்ளிக் கொட்டினாள். தோல் கருகும் வாசனை தெருவை நிறைத்தது.

தூக்குச்சட்டியோடு ஆண்டையின் ஆள் வந்து நின்றார்.

"ஏம்மா, தொட எங்க?"

"வெந்துகினு கீதுண்ணா. எங்க சட்டில வெந்தத ஆண்ட துன்றேன்னாருன்னா சொல்லு, இப்பவே குடுத்தனுப்புறேன்."

அவர் வெறும் சட்டியோடு திரும்பிப் போனார். அம்மா ஒரு தொடையை முழுசாக என் தட்டில் வைத்தாள்.

இன்றும் கடையில் தொடையை மட்டும்தான் கேட்டு வாங்குகிறேன். நெஞ்சுக்கறி வேண்டுமானால் ஆண்டை வீட்டுக்குப் போகட்டும்.