கரடிக்குட்டியும் எங்கள் காணிப் பாலையும்

பிள்ளைகளுக்கென்று கீறிய படத்தில் என்ன அரசியல் என்று கேட்கிறவர்களோடு எனக்குக் கதையே இல்லை. நான் ஒரு காட்டூன் படத்துக்கு நன்றிக்கடன் பட்டவள்.

யாழ்ப்பாணத்திலிருந்து வட்டக்கச்சிக் காலனிக்கு வந்து குடியேறி நாங்கள் இரண்டு போகம்கூட விதைக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் அங்கேயே பிறந்து வளர்ந்த பழைய ஊர்ப் பிள்ளைகள் எங்களை வந்தான் வரத்தான் என்று ஒதுக்கினார்கள். அவர்களில் என்னோடு கதைத்தவள் ஒருத்திதான். சரியான வாயாடி. எனக்கு அவளை விட்டால் ஆளில்லை. எங்கள் காணி காடாகக் கிடந்த காலந்தொட்டே அதில் நின்ற பாலை மரத்தில் பழம் பொறுக்கியவர்கள் அவள் வீட்டார். வயலுக்கு நிழல் விழுகிறதென்று அந்த மரத்தை அடுத்த கிழமை தறிக்க என்னைப் பெற்ற ஐயா முடிவெடுத்திருந்தார். தறித்தபிறகு அவள் என் முகத்தில் முழிப்பாளா? அவளிடம் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

அப்போதுதான் ஊரூராய்ப் படம் காட்டுகிற அரசாங்கத்து வான் வந்தது. இருட்டுப்பட்டதும் பள்ளிக்கூட வெளியில் வெள்ளைத் துணி கட்டி, முதலில் காய்ச்சல் பரப்புகிற நுளம்பைப் பற்றி ஒரு படம், பிறகு காட்டூன். பேச்செல்லாம் இங்கிலீசு. வானோடு வந்த பட்டணத்து உத்தியோகத்தர் ஒலிபெருக்கியில் தமிழில் விளங்கப்படுத்தினார். ஒரு கரடிக்குட்டி, அது தாயோடு குடியிருக்கிற மரம், கோடரியோடு வருகிற ஒரு தடியன். காட்டை அழிக்க வருகிறான் கொடியவன் என்று அவர் உருகி உருகிச் சொன்னார். முன்னால் இருந்தவர்களில் பாதிப்பேர் கோடரியோடு வந்தவர்கள்தான் என்பது அந்தப் பாவி மனிசனுக்குத் தெரியாது.

பழைய ஊர்க்காரர் பக்கத்தில் சிரிப்புக் கிளம்பியது. அது எங்கட காலனிக்காரர்தான் என்று யாரோ சொன்னார்கள். காய்ச்சலில் விழுந்தெழும்பிக் காடு வெட்டியவர் ஐயா. எழுந்து நின்றுவிட்டார்.

"படத்தை நிப்பாட்டுங்கோ. நாங்கள் ஒருத்தற்றையும் களவெடுக்க வரேல்லை."

படம் நின்றது. இரண்டு பக்கமும் ஆம்பிளைகள் எழும்பினார்கள். பக்கத்திலிருந்த என் சிநேகிதி ஐயாவைப் பார்த்து அழுதழுது சொன்னாள்:

"மாமா, அந்தக் குட்டி எங்கை போச்சுதெண்டு பாத்திட்டுச் சண்டை பிடியுங்கோ."

இத்தனைக்கும் அவளுடைய தகப்பனின் கன்னத்தில் கரடி கிழித்த தழும்பு இருந்தது. இவள் கரடிக்கு அழுகிறாள், விசரி. முதலில் சிரித்தது அந்தத் தகப்பன்தான். பிறகு எல்லோரும் சிரித்துவிட்டுத் திரும்பக் குந்தினார்கள். படம் ஓடியது. மரம் விழுந்தது. தாயும் குட்டியும் வேறு காடு தேடிப் போயின.

வீட்டுக்கு நடக்கும்போது ஐயாவிடம் அடக்கமாட்டாமல் சொல்லிவிட்டேன், அந்தப் பாலை அவர்கள் பழம் பொறுக்கிற மரம் என்று. "நட" என்றார், அவ்வளவுதான்.

அடுத்த கிழமை வந்தது. கோடரி குசினிச் சுவரில் சாத்தியபடியே இருந்தது. நான் காலையில் எழும்பியதும் முதல் வேலையாக மரம் நிற்கிறதா என்று போய்ப் பார்ப்பேன். நின்றது. என் ஐயா நல்லவர் என்று அந்த நாட்களில்தான் எனக்குத் தெரிந்தது.

பழம் பழுத்ததும் என்னைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு அவள் வீட்டுப் படலைக்குப் போனார். பாலை பழுத்துவிட்டது, வந்து பொறுக்கச் சொல்லி அழைத்தார். அவளுடைய தகப்பன் நம்பாமல் பார்த்தார்.

"அது இப்ப உங்கட மரமெல்லோ?"

ஐயா சிரிக்காமல் சொன்னார்:

"நானும் அப்பிடித்தான் நினைச்சனான். கரடிக்குட்டி வேறை மாதிரியெல்லோ சொல்லுது."