நெய்க்காரப்பட்டிக் கல்லும் எங்கள் சந்தேகங்களும்

காந்தம் அளப்பவர்களை யாரும் நம்புவதில்லை. காந்தம் அளப்பவர்களும் யாரையும் நம்புவதில்லை.

அளவெடுக்கும் தொழிலில் என்னைப் போல் அவதிப்படும் அன்பர்களுக்கு முதலில் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். பூமியின் காந்தப்புலம் நிலையானது அன்று. நாள்தோறும் சூரியனை ஒட்டிச் சிறிது ஏறி இறங்கும். ஆண்டுகள் செல்லச் செல்ல மெல்ல மாறவும் செய்யும். அந்த மாற்றத்தை அறிய, ஊர்தோறும் நட்டிருக்கும் அடையாளக் கற்களின் மேல் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை கருவியை வைத்து அளக்கிறோம். ஒவ்வொரு கல்லுக்கும் சற்றுத் தள்ளி ஒரு துணைப் புள்ளி உண்டு. பூமி மாறினால் இரண்டு இடங்களிலும் ஒன்றுபோல மாறும். இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு மாறாது. அந்த வேறுபாடே மாறியிருந்தால், அருகில் எங்கோ புதிதாக இரும்பு வந்திருக்கிறது என்று பொருள்.

நெய்க்காரப்பட்டிக்கு அருகிலுள்ள கல்லில் இந்த முறை வேறுபாடு மாறியிருந்தது. காரணம் தெரியாவிட்டால் கல்லைக் கைவிட வேண்டும். கைவிட்டால், அதன்மேல் எனக்கு முன்னிருந்தவர்கள் எடுத்த அளவுகளெல்லாம் அந்தரத்தில் நிற்கும்.

வெறுங்கால்

கல் இருப்பது பழனிசாமி என்னும் விவசாயியின் தக்காளிக் காட்டு மூலையில். நாங்கள் கூடாரம் அடிக்கத் தொடங்கியதும் அவரும் அவர் மனைவி மயிலாத்தாளும் வரப்பில் வந்து நின்றார்கள். அளப்பது பூமியின் காந்தத்தைத்தான், அவருடைய நிலத்தை அன்று என்று விளக்கினேன். அவர் கூடாரத்தையும் என் கால்களையும் மாறி மாறிப் பார்த்தார். செருப்பில் ஆணி இருக்கக்கூடும் என்பதால் நாங்கள் வெறுங்காலோடு வேலை செய்வது வழக்கம். அதைச் சொன்னபின் அவருடைய ஐயம் கூடியதே தவிரக் குறையவில்லை.

"ஏனுங்க, செருப்பக் கழட்டிப்போட்டு பயபக்தியா நிக்கறீங்க. எடத்தப் புடிக்கறவங்களும் மொதல்ல பூசை போட்டுத்தானுங்க ஆரம்பிப்பாங்க," என்றார்.

ஊக்கு

வேறுபாடு சரியாக வராதபோது முதலில் அளப்பவர்களைச் சந்தேகிக்க வேண்டும் என்பது எங்கள் முறை. உதவியாளர் ஆரோக்கியமேரி திண்டுக்கல்காரர். என்னோடு பல ஊர்களுக்கு வந்தவர். ஆயினும் கடிகாரம், கொண்டை ஊசி, சாவிக்கொத்து என்று ஒன்றையும் விடாமல் கேட்டேன். எதுவுமில்லை என்றார். "தாலிச் சங்கிலி?" என்றேன். தங்கத்தால் கருவிக்குத் தொல்லை இல்லை. ஆனால் அவசரத்துக்கு உதவுமென்று அதில் ஊக்குகளைக் கோத்துவைப்பது நம் பெண்களின் வழக்கமாயிற்றே. சங்கிலியை வெளியே எடுத்தார். ஊக்குகள் கொத்தாகத் தொங்கின.

அவற்றைக் கழற்றித் தொலைவில் வைத்துவிட்டு மீண்டும் அளந்தோம். வேறுபாடு சிறிது குறைந்தது. பழைய நிலைக்குத் திரும்பவில்லை. மேரி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏர்போர்ட்டுல கூட தாலிய இழுத்துப் பாக்க மாட்டாகக்கா. நீங்க பாத்துட்டீக. இப்ப உங்க ஜாக்கெட்டுக் கொக்கிய யாரு பாக்குறது?"

வண்டி

என் கொக்கிகளும் சோதிக்கப்பட்டன, அவை பித்தளை. அடுத்த சந்தேகம் வண்டியின் மேல் விழுந்தது. அது ஏற்கெனவே சாலையோரப் புளியமரத்தடியில்தான் நின்றது. ஓட்டுநர் காதர் பாய் முகம் கோணாமல் இன்னும் தள்ளி நிறுத்தினார். பயனில்லை. அதற்கும் அப்பால், பெட்ரோல் பங்க் வரை போகச் சொன்னேன். அப்போதும் பயனில்லை. மேலதிகாரியைத் தொலைபேசியில் அழைத்தேன். நாளைக்குள் காரணத்தைக் கண்டுபிடிக்காவிட்டால் அந்தக் கல்லை விட்டுவிடுமாறும், வேறிடத்தில் புதிதாக ஒன்று நடலாம் என்றும் அவர் எளிதாகச் சொல்லிவிட்டார். நான் மீண்டும் சாலைப் பக்கம் திரும்பிப் பார்த்ததைக் காதர் பாய் கவனித்துவிட்டார்.

"சொல்லுங்க மேடம், வண்டிய ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுல போட்டுட்டு நடந்தே வாரேன். அதுக்கும் அடங்கலைன்னா வித்துருவோம்!"

நகராத மனிதர்

மறுநாள் காலை கருவியின் உணர்முனையைக் கையிலேந்தி, கல்லைச் சுற்றி அடி அடியாக நகர்ந்தேன். மூன்று பக்கங்களில் எண்கள் அமைதியாக இருந்தன. கிழக்குப் பக்கத்தில் தாவின. அதே இடத்துக்கு மீண்டும் போனேன், மீண்டும் தாவின. நிமிர்ந்தபோது பழனிசாமி சரியாக அந்த இடத்தில் வந்து நின்றுகொண்டிருந்தார். சற்று நகருமாறு கேட்டேன். "எங்காடுங்க. நான் எங்க வேணா நிப்பேன்" என்றார். சுற்றிலும் அத்தனை இடமிருக்க, அவர் அந்த ஓரடி நிலத்தை மட்டும் விடாதது, அங்கே இரும்பு ஏதோ புதைந்திருக்கிறது என்ற என் ஐயத்தை உறுதியாக்கியது. மயிலாத்தாள் பொறுமை இழந்தார்.

"நீங்களாச் சொல்லீருங்க. இல்லாட்டி அந்த மிசினு சொல்லிப்போடும் போல இருக்குது."

பூட்டு

பழனிசாமி ஒப்புக்கொண்டார். எங்கள் குழு முன்பு இங்கே அளந்துவிட்டுப் போன கோடையில் அவருடைய போர்வெல் வற்றிவிட்டது. கல்லின்மேல் ஏதோ வைத்து நீரை இழுத்துக்கொண்டோம் என்று பழனிசாமி நம்பினார். திண்டுக்கல்லிலிருந்து கனமான இரும்புப் பூட்டொன்றை வாங்கி, பூசை செய்து, பூட்டி, கல்லடியில் புதைத்துவிட்டார். அடுத்த மழைக்கு நீர் வந்தது. இப்போது பூட்டை எடுத்தால் நீர் போய்விடும் என்று அஞ்சினார். தக்காளிச் செடிகள் பூத்திருந்தன. அவருடைய அச்சத்தைக் கண்டு எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாங்கள் எதையும் எடுத்துச் செல்வதில்லை என்றேன். நீர் நிற்கும் என்று மட்டும் என்னால் உறுதி கூற இயலவில்லை. தெரியாததை எப்படிச் சொல்வது?

அவர் நகரவில்லை. மயிலாத்தாள்தான் மண்வெட்டியை எடுத்து வந்து கணவர் கையில் திணித்தார்.

"தண்ணி இருக்கறது போர்வெல்லுல. பூட்டக் கொண்டாந்து கல்லுக்குப் போட்டுருக்கறீங்க. ஊட்டுக்குக் காவல்னா பூட்ட ஊட்டுக்குத்தானுங்களே போடோணும்? தோண்டுங்க, அங்க கொண்டுபோய்ப் பொதைக்கலாம்."

முடிவானவை

பூட்டு தோண்டி எடுக்கப்பட்டது. காட்டின் மறுகோடியில், முன்பிருந்தே இரும்புக் குழாய் இறங்கியிருக்கும் போர்வெல்லின் அருகில் புதைக்கப்பட்டது. கல்லுக்கும் துணைப் புள்ளிக்கும் இடையிலான வேறுபாடு அன்று மாலையே பழைய நிலைக்குத் திரும்பியது. கல் கைவிடப்படவில்லை. நிலத்தைக் கேட்டு யாரும் வரவில்லை. போர்வெல்லில் நீர் இருக்கிறதென்றும், அதற்குக் காரணம் பூட்டே என்றும் பழனிசாமி பின்னர் தொலைபேசியில் தெரிவித்தார். நான் மறுக்கவில்லை. மேரியின் ஊக்குகள் அவருடைய சங்கிலிக்குத் திரும்பிவிட்டன.

எங்கள் தொழிலில் பூமியைச் சந்தேகிக்கும் முறை எல்லோரையும் சந்தேகித்து முடித்த பிறகே வரும். இம்முறையும் அதுவரை போக வேண்டியிருக்கவில்லை.