பக்கவாட்டில் படி இறங்கியவர்

பிள்ளைகளே, ராஜகிரிக் கோட்டைப் படியில் பார்த்தோமே, அந்தச் சிங்கப்பூர் அம்மா, நினைவிருக்கிறதா? நரைத்த கிராப்பு, வெள்ளைக் கேன்வாஸ் ஷூ. முட்டிவலியாம், நண்டு மாதிரி பக்கவாட்டிலேயே ஒவ்வொரு படியாக இறங்கி வந்தார்.

அத்தை மகள் கல்யாணத்துக்கு நாம் சிங்கப்பூர் போக இருந்த நேரம் அது. துறைமுகம் தெரிகிற ரூம்தான் வேண்டும் என்று உங்களுக்கு அடம். அங்கிருந்து ரயிலுக்கு வெகுதூரம் நடக்க வேண்டும். "கப்பலு உங்களுக்கு, முட்டிவலி எனக்கா? நான் வரல, நீங்களே போங்க" என்று உங்கள் அம்மா சொல்லிவிட்டாள். அவளை விட்டுவிட்டுப் போக எனக்கு மனசில்லை.

"சிங்கப்பூர்ல எங்கங்க தங்குறது?" என்று படியில் அவரைக் கேட்டேன்.

"மேல ஏறும்போது, எறங்கணுமேன்னு நெனச்சீங்களா?"

"இல்லிங்க."

"ரூமும் அப்படித்தான். சுத்திட்டுக் கால்வலியோட திரும்பி வர்ற நேரத்த நெனச்சுப் பாருங்க. ரயில் ஸ்டேஷன் பக்கத்துல, லிப்ட் இருக்கிற எடமாப் புடிங்க. கப்பல பகல்ல போய்ப் பாத்துக்கலாம்."

"அதுக்குள்ள கப்பலு போயிடுமே!" என்றான் சின்னவன்.

"போனா இன்னொண்ணு வரும்டா" என்றார் அவர்.

வீட்டில் சொன்னேன். "அந்தம்மாவுக்கும் முட்டிவலியா?" என்று கேட்டாள் அம்மா. ஆமாம் என்றதும், "அப்ப சரி, வரேன்" என்று பெட்டியை இறக்கச் சொன்னாள். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

அத்தனை வலியோடு அவர் ஏன் கோட்டை ஏறினார் என்று கேட்காமல் விட்டுவிட்டேன். அதைத்தான் இன்னும் யோசிக்கிறேன்.