எத்தனை பிளக் பாயிண்ட் வேண்டும், அண்ணாச்சி?

வயரிங் வேலை பார்ப்பவனுக்கு இருக்கிற ஒரே சொத்து பெயர்தான்; சுவரைக் காட்டி "யார் பார்த்த வேலை இது?" என்று எவனாவது முகம் சுளித்தால் அதுவும் போச்சு. கொத்தனார், பிளம்பர், பெயின்டர் என்று வீடு கட்டுகிறவர்களிடம் மாட்டிக்கொண்ட அத்தனை பேரும் இதைப் படித்து வயிற்றெரிச்சலைத் தீர்த்துக்கொள்ளுங்கள். ராஜபாளையத்தில் ஒரே வீட்டில் நான் பதிமூன்று வருஷம் பட்ட பாடு இது.

ஒன்று போதும்

எண்பத்து மூன்றில் மில் ஃபிட்டர் சுப்பையா அண்ணாச்சி புதுவீடு கட்டினார். நான்கு பிளக் பாயிண்டாவது வைப்போம் என்று கெஞ்சினேன். ஹாலில் ரேடியோவுக்கு ஒன்று போதும் என்றார். அடுப்படிக்கு ஒன்று இருக்கட்டுமே என்று அவர் மனைவி பொன்னுத்தாய் அக்கா சொன்னதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"அடுப்படியில கரண்டுக்கு என்ன சோலி? அம்மி கெடக்கு, ஆட்டுரல் கெடக்கு. ஒங்க ரெண்டு பேருக்கும் கிறுக்கா பிடிச்சிருக்கு?"

ஹாலில் அரைத்த சட்னி

நாலு வருஷம் கழித்து மிக்ஸி வந்தது. இருப்பது ஒரே பாயிண்ட். ஆகவே மிக்ஸி ஹாலில் ரேடியோ ஸ்டூலில் ஏறியது. மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் ஹாலில் உட்கார்ந்திருக்கும்போது, அக்கா அவசரத்தில் மூடியை அழுத்தாமல் சுவிட்சைப் போட்டுவிட்டார். தேங்காய்ச் சட்னி பாதி சுவரில், பாதி மாப்பிள்ளையின் அப்பா சட்டையில்.

சம்பந்தம் எப்படியோ தப்பியது. மறுநாளே எனக்கு ஆள் வந்தது. பூசி முடித்த சுவரை நானே உடைத்து அடுப்படிக்கு ஒரு பாயிண்ட் இழுத்தேன். உடைத்ததோடு உடைத்ததாக இன்னும் இரண்டு வைத்துவிடலாமே என்றேன். அண்ணாச்சி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"போதும்லே. இதுக்கு மேல கரண்டுல ஓடுத சாமான் என்ன வரப்போவுது?"

ஞாயிற்றுக்கிழமைப் படம்

டிவி வந்தது. பின்னாலேயே ஃபிரிட்ஜும் வந்தது. அடுப்படியில் வைத்தால் யார் கண்ணில் படும் என்று ஃபிரிட்ஜையும் ஹாலிலேயே நிறுத்தினார்கள். ஒரு ஞாயிறு சாயங்காலம், "உன் பாயிண்டுல கரண்டு சரியில்ல, ஃபிரிட்ஜுல பால் திரியுது" என்று சொல்லியனுப்பினார்கள்.

டெஸ்டரோடு ஓடினேன். ஃபிரிட்ஜின் பிளக் தரையில் கிடக்கிறது. அந்தப் பாயிண்டில் டிவி ஓடுகிறது, தெருவே உட்கார்ந்து பார்க்கிறது. எனக்கு வந்த எரிச்சலில் கத்திவிட்டேன். இன்னொரு பாயிண்ட் வைத்துத் தொலைப்போம் என்றால், புதுப் பெயின்ட் அடித்த சுவராம், கை வைக்கக் கூடாதாம். அக்கா டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்.

"பாலு திரிஞ்சா வேற பாலு வாங்கிக்கிடலாம் தம்பி, பாதிப் படம் போனா எங்க போயி வாங்க? செத்த நேரம் உக்காரு, கிளைமாக்ஸ் வருது."

யார் பார்த்த வேலை?

தொண்ணூற்றாறில் மகன் முருகேசனுக்குக் கல்யாணம் ஆனது. மாடி எடுத்து வீட்டையே மாற்றப் போகிறார்கள். கிரைண்டர், வாஷிங் மெஷின், கட்டிலுக்குப் பக்கத்தில் டேபிள் ஃபேன், கொசுவை விரட்டும் மெஷினுக்குக்கூடத் தனியாக ஒன்று என்று பதினாலு பாயிண்ட். பெரிய வேலை. அது எனக்குத்தான் என்று நம்பிப் போனேன். அங்கே ஸ்ரீவில்லிபுத்தூர் கான்ட்ராக்டர் ஒருவரும் நின்றார்.

அவர் முன்னாலேயே முருகேசன் சுவரைத் தட்டிக் காட்டி, "என்னண்ணே, இம்புட்டுப் பெரிய வீட்டுக்கு ரெண்டே பாயிண்டா? வயரிங் பாக்கையில கொஞ்சமாவது யோசிக்க வேண்டாமா?" என்று கேட்டான். கான்ட்ராக்டர் சிரித்தார். எனக்கு அவமானத்தில் முகம் எரிந்தது. நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், என் பெயர் தப்பிவிடும். அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, திரும்ப மாட்டிக்கொண்டு, மகனிடம் நிதானமாகச் சொன்னார்.

"நான் அன்னைக்கே தலபாடா அடிச்சுக்கிட்டேன், நாலு பாயிண்டாவது வையிலேன்னு. இவன் கேட்டாத்தானே!"

வேலை கான்ட்ராக்டருக்குப் போய்விட்டது. பேரன் பிறந்து வளர்ந்து "பதினாலுதானா?" என்று கேட்கும்போது அண்ணாச்சி அந்தக் கான்ட்ராக்டரைக் கைகாட்டுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதற்காகவே நான் உடம்பைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறேன்.