ஜாகாவின் பட்டியும் அங்கம்மாவின் காலும்

பெரிய மனிதர்களின் வரலாற்றை எழுதுகிறவர்கள் நெற்றியில் தொடங்குவார்கள். அறிவு அங்கே ஒளிவிட்டதாம். மலாயாவில் கூலாய்ப் பக்கத்தில் எங்கள் தோட்டத்து அங்கம்மாவின் வரலாற்றை நான் கணுக்காலில் தொடங்குகிறேன். காரணம் போகப்போகத் தெரியும்.

பதினெட்டு வருஷம் ரப்பர் ஆலையின் ஈரச் சிமெண்டுத் தரையில் நின்று ஷீட் உருட்டியவர் அவர். உலகத்து மோட்டார் வண்டிகளில் பாதி அந்தக் காலை நம்பித்தான் ஓடின என்பது என் முடிவு. மறுப்பவர் வண்டியை நிறுத்திவிட்டு வந்து பேசட்டும்.

1931-இல் கால் முறையிடத் தொடங்கியது. மாலையானால் கல் கட்டியதுபோல் கனம், கணுக்காலில் வீக்கம். கெண்டைக்கால் நெடுக நீல நரம்புகள் முறுக்கிக்கொண்டு புடைத்தன. படுத்தால் கெண்டை பிடித்து இழுத்தது. கணுக்காலுக்கு மேலே தோல் கறுத்து அரித்தது. சொறிந்த இடம் புண்ணாகி, ஆற மாட்டேன் என்றது.

புருஷன் சின்னத்தம்பி தோட்டத்து ஜாகா, அதாவது காவல்காரர். கணுக்காலிலிருந்து முழங்கால்வரை நீளத் துணியாய்ச் சுற்றும் காக்கிக் கால்பட்டியைக் கட்டுவதில் தமக்கு நிகர் போலீசிலும் கிடையாது என்பது அவர் அபிப்பிராயம். நரம்பு பாம்பு மாதிரி தெரிந்ததால் அவர் பாம்புக்கடி வைத்தியமே செய்தார்: முழங்காலுக்கு மேல் கயிற்றால் இறுக்கிக் கட்டினார். கால் பூசணிக்காயாயிற்று.

அந்த வாரமே அறிவிப்பும் வந்தது. ரப்பர் விலை விழுந்துவிட்டதால் நோயாளிகளைத் துரை நாகப்பட்டினம் கப்பலில் ஏற்றப்போகிறார். மாதக் கடைசியில், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில், அவரே பார்வையிடுவார். அங்கம்மாவுக்கு ஊரில் யாரும் இல்லை. பெற்ற பிள்ளையைப் புதைத்த மண் இங்கேதான் இருந்தது.

தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் கனகசுந்தரம் யாழ்ப்பாணத்துக்காரர். கயிற்றைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஆர் கட்டினது இது?"

"நான்தாங்கையா," என்றார் சின்னத்தம்பி. "விஷம் மேல ஏறக்கூடாதுன்னு."

"விஷமில்லை, ரத்தம். மேலே ஏறத்தான் வேணும். ஏறேலாமல்தான் நரம்பு வீங்கிக் கிடக்கு. நீர் கதவையும் பூட்டிப்போட்டீர்."

"ஜாகா இல்லீங்களா, பூட்டாம இருப்பாரா," என்றார் அங்கம்மா.

"தினமும் புண்ணைக் கழுவி மருந்து வைக்கோணும். விடிய, படுக்கையால எழும்ப முந்தி, விரலடியில தொடங்கி முழங்கால் வரைக்கும் துணி சுத்தோணும். கீழே இறுக்கம், மேலே போகப்போகத் தளர்வு. படுக்கேக்கை கால் நெஞ்சைவிட உயரத்தில. சும்மா நிக்கப்படாது, நடக்கலாம்."

அவ்வளவு நீளத் துணி ஆஸ்பத்திரியில் இல்லை. டிரஸ்ஸர் பார்வையும் அங்கம்மா பார்வையும் சேர்ந்தே ஜாகாவின் கால்பட்டிக்கு இறங்கின.

"ஏ புள்ள, அது தொரை குடுத்த யூனிபாரம்."

"அப்ப நான் கப்பல் ஏறுறப்ப அதைக் கட்டிக்கிட்டு வந்து சல்யூட் அடிங்க."

பட்டி கழன்றது.

கட்டிலின் கால்மாட்டுக்குச் செங்கல் வைத்தாயிற்று. எதிரே முருகன் படம். சாமிக்கு நேரே காலை உயர்த்தலாகாது. திருப்பிப் போட்டால் தலை வடக்கே போகும், அதுவும் ஆகாது. லயத்துப் பத்தடி அறையில் அதற்குமேல் திசை கிடையாது. கடைசியில் முருகன் தலைமாட்டுக்கு மாற்றலானார். ஆட்சேபணை எதுவும் வரவில்லை.

ஆலையில் அங்கம்மா உருளையின் கைப்பிடியைச் சுழற்றிக்கொண்டே, நின்ற இடத்தில் குதிகாலைத் தூக்கித் தூக்கி மிதித்தார்.

"தீமிதிக்கு ஒத்திகையாக்கா?" என்றாள் பக்கத்தில் வேலை செய்த கருப்பாயி.

"கப்பலை மிதிக்கிறேன்டி."

மாதக் கடைசி வந்தது. பெரட்டில் ஜாகா வெறுங்காலோடும் மனைவி காக்கிப் பட்டியோடும் நிற்கக் கண்டு துரை இரண்டு முறை பார்த்தார். அங்கம்மா குனிந்து பட்டியை அவிழ்த்தார். நரம்புகள் அப்படியேதான் இருந்தன. ஆனால் வீக்கம் வடிந்து, புண்ணின் மேல் புதுத்தோல் மூடியிருந்தது. டிரஸ்ஸர் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். துரை கப்பல் பட்டியலில் ஒரு பெயரை அடித்தார். பிறகு ஜாகாவின் காலைப் பார்த்தார்.

"உன் பட்டி எங்கே, மேன்?"

ஒன்பது வருஷமாகத் துரை முன்னால் "ஆமாங்க" தவிர வேறெதுவும் சொல்லியறியாத சின்னத்தம்பி நெஞ்சை நிமிர்த்தினார்.

"வேலையில இருக்குதுங்க, தொரை."