பி.பி. நம்பரும் நான் எழுதிய ட்ரிகரும்

லிங்கராஜபுரத்தில் ஒரு கேஸ் ஏஜென்சிக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது, அதற்கு மென்பொருள் எழுத எங்கள் கம்பெனி என்னை அனுப்பியது. நான் ட்ரெய்னி. ஏஜென்சி முதலாளி திருப்தி என்று கையெழுத்துப் போட்டால் வேலை நிரந்தரம். போடாவிட்டால், ஹெப்பகோடியில் அப்பாவோடு சேர்ந்து லாரியில் மூட்டை ஏற்றலாம். எங்கள் வீட்டில் முதல்முதலாகக் கல்லூரிக்குப் போனவன் நான் என்பதால், அந்தக் கையெழுத்துக்காக அம்மா வேண்டாத சாமி இல்லை.

முதலாளி ரிச்சர்ட்ஸ் டவுன்காரர்; பேச்சுக்குப் பேச்சு 'மேன்' போடுவார். அவருடைய தொல்லை ஒன்றே ஒன்று: ஒரே ஆள் இரண்டு தடவை பதிவு செய்து இரண்டு கனெக்‌ஷன் வாங்கிவிடுகிறார்.

"பேரை மாத்தறான் மேன். இனிஷியலை மின்னாடி போடறான், பின்னாடி போடறான். புடி அவனை!"

பிடிக்க நான் ஒரு ட்ரிகர் எழுதினேன். புதிய பதிவு உள்ளே நுழையும்போது, யாரும் சொல்லாமலே தானாக ஓடிச் சோதிக்கும் சின்ன நிரல் அது. பெயரை நம்பவில்லை, முகவரியையும் நம்பவில்லை. போன் நம்பரை மட்டும் நம்பினேன். அதே நம்பர் ஏற்கெனவே இருந்தால் பதிவை ஏற்காதே. நம்பரில் எழுத்து வரக்கூடாது என்று வேறு கட்டளை போட்டிருந்தேன். எனக்கு என்மேலேயே மரியாதை வந்துவிட்டது.

முதல் நாள், முதலாளி நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்தார். முதலில் வந்த அம்மாவின் பதிவு ஏறியது. அவருக்குப் பின்னால் நின்ற இன்னொரு அம்மாவின் விவரங்களைத் தட்டினேன். கம்ப்யூட்டர் கூவியது.

"இவங்க ஏற்கெனவே இருக்காங்க சார்" என்றேன், திருடனைப் பிடித்த குரலில்.

"எங்கேப்பா இருக்கேன்?" என்றார் அந்த அம்மா.

"இதோ, இவங்கதான் நீங்க." முதல் அம்மாவைக் காட்டினேன்.

"அய்ய! அவளா நானு? குழாயடிச் சண்டைக்கப்புறம் அவ மூஞ்சியிலயே நான் முழிக்கறதில்ல!"

"உன்னை மாதிரி இருக்கறதுக்கு நான் என்னாடி பாவம் பண்ணேன்?" என்றார் முதல் அம்மா.

"அப்ப ரெண்டு பேருக்கும் ஒரே போன் எப்படிம்மா?" என்று முதலாளி கேட்டார்.

"அது முக்குக் கடை போன் சார். பி.பி. நம்பரு. எங்க சந்துக்கே அதான்."

வரிசையில் நின்ற பாதிப் பேர் தலையாட்டினார்கள். வீட்டில் போன் இல்லாதவர்கள் பக்கத்துக் கடை நம்பரைக் கொடுத்து, அருகில் பி.பி. என்று எழுதுவது ஊர் வழக்கம். என் பயோடேட்டாவிலேயே இருந்தது பி.பி. நம்பர்தான். எழுத்து வரக்கூடாது என்று அந்த இரண்டு எழுத்தையும் வெட்டி எறிந்தவனும் நான்தான்.

முதலாளி என்னைப் பார்த்தார். எனக்குக் கண்ணுக்குள் லாரி தெரிந்தது.

"அரை மணி நேரம் குடுங்க சார்."

அவ்வளவு பேரும் முதுகுக்குப் பின்னால் நிற்க, ட்ரிகரை மாற்றினேன். பெயர், வீட்டு எண், போன் மூன்றும் ஒத்துப்போனால் மட்டும் மறுக்கும். போன் மட்டும் ஒத்துப்போனால், 'வேறு ஆளா?' என்று கேட்கும். ஆமாம் என்று தட்டினால் பதிவு ஏறும். இனிஷியலை மாற்றிக்கொண்டு வருகிறவரும் அந்தக் கேள்வியைத் தாண்டித்தான் போக வேண்டும்.

இரண்டாவது அம்மாவைக் கூப்பிட்டு, முதலாளி முன்னிலையில் கேட்டேன்: "நீங்க வேற ஆளா?"

"சந்தேகமா இருக்கா? இன்னொரு சண்டை போட்டுக் காட்டட்டுமா?"

முதலாளி அவசரமாக என் காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். "ஒரே கண்டிஷன் மேன். அந்தக் கேள்வியை இந்த வாரம் பூரா நீதான் கேக்கணும். நான் கேக்க மாட்டேன்."

அந்த வாரம் முழுக்க நிரந்தர ஊழியனாகக் கவுண்டரில் உட்கார்ந்து, ஒவ்வொருவராகக் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.