மலைத்தாளில் கட்டிய சோறு

எழுதத் தெரிந்தவர்கள் பலர் இருக்கும்போது நான் பேனாவை எடுத்ததைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். பள்ளிக்கூடத்தோடு படிப்பை நிறுத்தியவள் நான். தமிழும் சிட்னியில் சனிக்கிழமை வகுப்பில் படித்ததுதான். ஆனாலும் இந்த ஒன்றை எழுதாமல் இருக்க முடியவில்லை.

அப்போது எனக்குப் பத்து வயது. அப்பா லிட்கம்மில் வரைபடங்கள் அச்சடிக்கும் இடத்தில் வேலை செய்தார். மை பரவிப் பழுதான தாள்களை வீட்டுக்குக் கொண்டுவருவார். என் பள்ளிக்கூடக் கொப்பிகளுக்கு உறையும் குசினி அலுமாரித் தட்டுகளுக்கு விரிப்பும் அவைதான். பெரும்பாலும் இந்த நாட்டின் வடமேற்கு மூலையில், ரோடுகூட இல்லாத மலைப்பகுதியின் படங்கள். மலைகள் எல்லாம் குறுக்கே வெட்டிய வெங்காயம் போல வட்டத்துக்குள் வட்டமாகப் பழுப்புக் கோடுகளில் இருக்கும். நடுவில் ஒரு சின்ன முக்கோணமும் உயரமும். பல உச்சிகளுக்குப் பெயரே இல்லை, இலக்கம் மட்டும்தான். ஆக உயர்ந்த ஐந்தைத் தேடிப் பிடித்து, சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு, ஒன்று இரண்டு என்று வரிசை போடுவது என் விளையாட்டு.

அம்மாவின் தம்பி, என் மாமா, தஞ்சம் கேட்டு வந்து தடுப்பு முகாமில் இருந்தார். இரண்டு வருடமாகப் பதில் இல்லை. ஒருநாள் தொலைபேசியில், "என்னால ஏலாது அக்கா. திங்கக்கிழமை ஊருக்கே திரும்பிப் போறதுக்குக் கையெழுத்து வைக்கப்போறன்" என்றார். ஞாயிற்றுக்கிழமை அவரைப் பார்க்க ஒரு மணி நேரம் தருவார்கள். அதற்குள் அவர் மனதை மாற்றிவிட வேண்டும் என்று அம்மா விடியவே எழுந்து சோறும் மீன் குழம்பும் சமைத்தார். பார்சல் கட்டுவது என் வேலை. வீட்டில் பழைய பேப்பர் இல்லை. மாமாவுக்குத்தானே என்று என்னிடமிருந்த தாள்களில் மிக அழகானதை எடுத்துச் சுற்றினேன்.

முகாம் வாசலில் காவலர் பார்சலைப் பிரித்தார். சோற்றை அவர் பார்க்கவேயில்லை. தாளைத்தான் பார்த்தார்.

"என்னவாம் பிள்ளை? மீன் கூடாதாமோ?" என்று ஆங்கிலம் விளங்காத அம்மா என்னிடம் கேட்டார்.

"இல்லையம்மா. ஏன் மலையளுக்கு வட்டம் போட்டிருக்கெண்டு கேக்கிறார்."

"சோறு கட்டினதெண்டு சொல்லன்!"

சொன்னேன். யார் வட்டமிட்டது என்றார். நான் என்றேன். யாருக்கு என்றார். மாமாவுக்கு என்றேன். அவர் மேலதிகாரியைக் கூப்பிட்டார்.

மேலதிகாரி வரவே வெகுநேரம் ஆனது. நரைத்த தலைக்காரர். தாளை மேசையில் விரித்து, குழம்பு பட்ட இடத்தைத் துடைத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வட்டமாகப் பார்த்தார். கடைசியில் சிரித்துவிட்டார். அந்த மலைகளுக்குக் காரில் ஐந்து நாள் ஓட வேண்டும், அதற்குப் பிறகும் நடக்க வேண்டும் என்றார். நான் நான்காவதாகப் போட்டது உண்மையில் மூன்றாவது என்று திருத்தியும் தந்தார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. சோற்றை ஒரு பிளாஸ்டிக் தட்டில் மாற்றித் தந்து, தாளை வைத்துக்கொண்டு எங்களை உள்ளே விட்டார்கள். பதினைந்து நிமிடம்தான் மிச்சம் இருந்தது.

அம்மா கதிரையில் உட்காருவதற்குள் நான் நடந்ததைச் சொல்லத் தொடங்கிவிட்டேன். மாமா வாயில் சோற்றோடு சிரித்தார்.

"எடியே, நான் தப்பியோட மலைக்கு வழி காட்டி அனுப்பினியோ?"

"ஓம் மாமா! அஞ்சு மலை!"

"ஆக உயர்ந்தது எத்தினை மீற்றர்?"

சொன்னேன். அடுத்தது எது என்றார். அதையும் சொன்னேன்.

"தம்பி, நான் ஒண்டு சொல்ல வந்தனான்..." என்றார் அம்மா.

"பொறக்கா, இவள் ஏறி முடிக்கட்டும்."

நான் ஐந்தாவது உச்சிக்கு வந்தபோது மணி அடித்தது. அம்மா மாமாவின் மணிக்கட்டைப் பிடித்தார். காவலர் பக்கத்தில் வந்து நின்றார்.

"சாப்பாடு உனக்குக் காணுமோ?" என்று மட்டும் அம்மா கேட்டார்.

"காணும் அக்கா."

பஸ்ஸில் அம்மா வெறும் சாப்பாட்டுப் பையை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். மாமாவை அவ்வளவு சிரிக்க வைத்துவிட்டேன் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பதினைந்து நிமிடமும் அம்மாவுடையது என்று எனக்கு அப்போது தெரியாது. அது தெரிந்துதான் மாமா என்னைப் பேச விட்டார் என்பதும் தெரியாது.

மறுநாள் காலை பத்து மணிக்கு மாமா கையெழுத்து வைத்தார்.